ஒத்தைக்கால்ல நாலு நிமிசம்

முட்டியில இடிக்குதுங்களா அம்மிணி? கொஞ்சம் பொறுத்துக்குங்க. மேல வெச்சா பிரேக் போடறப்ப சரிஞ்சு யாரு தலையிலயாச்சும் விழும். கீழ வெச்சா மிதிச்சுருவாங்க. கண்டக்டர் கூட என்னம்மா லக்கேஜான்னு கேட்டாரு. லக்கேஜ் இல்லீங்க, குருவின்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு.

நெசமாலுமே குருவிதானுங்க. இந்தப் போர்வைக்குள்ள இருக்கறது போட்டோ. நானே எடுத்தது. கோயமுத்தூர்ல இன்னிக்குப் பறவைப் படமா வெக்கறாங்க, பெரிய ஹால்ல, சுவத்துல மாட்டி, லைட்டெல்லாம் போட்டு. போட்டியும் இருக்குது. பன்னண்டு மணிக்குள்ள கொண்டு போயிக் குடுத்தரணும். ஒரு நிமிசம் தாண்டுனாலும் வாங்க மாட்டாங்களாம். நீங்களும் காந்திபுரம்தானே? அப்பச் சரி. இன்னும் பெருந்துறையே வரலை. காலையில இருந்து எனக்கு வாய் நிக்கவே மாட்டேங்குதுங்க. இட்லி ரெண்டுக்கு மேல எறங்கலை. அம்பத்தேழு வயசுல இதெல்லாம் தேவையான்னு நீங்க நெனைக்கலாம். நானும் அதையேதான் நெனைச்சுட்டிருக்கறேன். நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சுட்டிருக்கறேன்.

எம்பேரு துளசிமணிங்க. ஈரோட்டுல டெய்லர். ஜாக்கெட் மட்டுந்தான், முப்பத்தொரு வருசமா. எங்கடையில வெட்டுன துண்டு ஒண்ணு கீழ கெடக்காதுங்க. கைப்பட்டிக்கு ஆகும், உள்ளோரத்துக்கு ஆகும், ஒண்ணுக்குமே ஆகலீன்னா தலைகாணிக்குள்ள போகும். வீணாப் போகக் கூடாதில்லீங்களா. வீட்டுக்காரரு போயி ஒம்பது வருசமாச்சு. நெத்தியப் பாத்தே தெரிஞ்சிருப்பீங்க. மருமக நல்ல புள்ளைங்க, ஸ்டிக்கர் பொட்டு அட்டையா வாங்கியாந்து, “வெச்சுக்குங்க அத்தை, இப்பெல்லாம் யாரும் ஒண்ணும் சொல்றதில்லை”ன்னா. சொல்றதுக்கென்ன சாமி, இனி யாரு பாக்கறாங்கன்னு அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். அத விடுங்க. குருவிக்கு வாரேன்.

மகன் பெங்களூர்ல இருக்கறான். புதுக் கேமரா வாங்குனதும் பழசை ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள போட்டு மூலையில தள்ளி வெச்சிருந்தான். ஏண்டா நல்ல சாமானை வீணாக்கறேன்னு நான் எடுத்துட்டு வந்துட்டேன். அதே மாசம் டாக்டர் வேற, சக்கரை ஏறிப்போச்சு, தெனமும் நடங்கன்னுட்டாரு. நடக்கறதுக்குப் பார்க்கு, கையில கேமரா. அவ்வளவுதானுங்க ஆரம்பம்.

எங்க காலனிப் பார்க்கு பெருசில்லீங்க. நாலு புங்கமரம், ரெண்டு தூங்குமூஞ்சி மரம், ஓரமா ஒரு மூங்கில் புதரு, தண்ணி வராத ஒரு நீரூத்து. அந்தக் காஞ்ச நீரூத்துக் குழாய் மேல ஒரு மீன்கொத்தி வந்து உக்காந்துக்கும். சொட்டுத் தண்ணியில்ல, மீனுக்கு எங்க போறது? ஆனாலும் காலையில வந்து அரைமணி நேரம் கீழயே பாத்துட்டு உக்காந்திருக்கும். அதுதான் நான் எடுத்த மொதப் படம். எடுத்துப் பெருசு பண்ணிப் பாக்கறேன், அம்மிணி, அந்த நீலம்! நான் முப்பத்தொரு வருசம் பட்டுத் துணி பாத்தவ. அப்பிடி ஒரு நீலத்தை எந்தக் கடையிலயும் பாத்ததில்லீங்க. அன்னிக்குப் பூரா கடையில ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கறேன், கண்ணுக்குள்ள அந்த நீலந்தான். ஒரு அம்மாவுக்குக் கை ரெண்டு இஞ்சு நீளமாத் தெச்சுட்டேன்.

அப்பறம் விடுவனா? அணிலு, மைனா, செம்போத்து, கொண்டைக்குருவி, ஓணான், மழைக்கு மொளைச்ச காளான், ஒண்ணையும் விடலை. தெனம் ஒண்ணு எடுத்து அதுமேல “இனிய காலை வணக்கம்”னு எழுதி ஸ்டேட்டஸ்ல போட்டுருவேன். எங்கிட்ட ஜாக்கெட் தெக்கறவங்க அத்தனை பேரும் பாப்பாங்க. “அக்கா, இன்னிக்கு ஓணானுக்கு என்ன கோவம்?”னு கேட்டுட்டே அளவு குடுப்பாங்க.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நடுவுல வந்தாரு பாருங்க ஒருத்தரு. நாச்சிமுத்து சார்.

ரிட்டயர்டு சர்வேயருங்க. எங்க பார்க்குல நடக்கறவங்களுக்கு ஒரு சங்கம் இருக்குது, அதுக்குச் செயலாளர். சம்சாரம் போயிப் பல வருசமாச்சு, மகள் வெளியூர்ல. வீட்டுல அளக்கறதுக்கு ஒண்ணுமில்லாம பார்க்குக்கு வந்துட்டாருன்னு நான் சொல்லுவேன். எங்க பார்க்குல எட்டு இருக்குதுங்க. பாத்திருப்பீங்களே, தரையில எட்டு மாதிரி பாதை போட்டிருப்பாங்க, அதுமேலயே சுத்திச் சுத்தி நடந்தா சக்கரை எறங்கும்னு சொல்றாங்க. அதுல நடக்கறதுக்கு இவரு ஒரு சட்டம் வெச்சிருந்தாரு. கழுத்துல விசில். ஆறு மணிக்கு ஒரு விசில் அடிப்பாரு, எல்லாரும் தெக்க இருந்து வடக்க. ஆறேகாலுக்கு இன்னொண்ணு, எல்லாரும் திரும்பி வடக்க இருந்து தெக்க. முப்பது பேரு. ஒருத்தரும் மாறக்கூடாது, நிக்கக்கூடாது.

நிக்காம எப்பிடிங்க போட்டோ எடுக்கறது? நான் ஒரு செம்போத்தைப் பாத்துட்டு நிப்பேன். பின்னால வந்த பேங்க் மேனேஜர் எம்முதுகுல முட்டுவாரு, அவரு முதுகுல அவரு சம்சாரம், அந்தம்மா முதுகுல மளிகைக்கடை அண்ணாச்சி. மறுநாள் பார்க்கு கேட் பக்கத்துல இருக்கற கரும்பலகையில எழுதிப் போட்டுட்டாரு: “நடைபாதையில் நின்று போட்டோ எடுக்கக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்.” முப்பது பேர்ல கேமரா வெச்சிருக்கறது நான் ஒருத்திதான். பேரையே எழுதியிருக்கலாமில்ல? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்தப் போர்டையே படம் புடிச்சேன். நேரங்காலம் பாருங்க, மேல ஒரு மைனா வந்து உக்காந்துச்சு. உக்காந்தது சும்மா இருக்கலை, செயலாளர் கையெழுத்து மேலயே ஒரு வேலை பண்ணிட்டுப் பறந்துச்சு. அது வடியறப்ப இன்னொரு படம். ரெண்டையும் சேத்து “இனிய காலை வணக்கம்”!

காலனியே சிரிச்சுதுங்க. நான் சண்டைக்குத் தயாராத்தான் மறுநாள் போனேன். அந்த மனுசன் போர்டைத் துணி போட்டுத் தொடைச்சுட்டிருந்தாரு. திரும்பிப் பாத்து, “போட்டோ நல்லா வந்திருக்குதுங்க டெய்லரம்மா. போர்டு மட்டும் கொஞ்சம் சாஞ்சு தெரியுது”ன்னாரு. அவ்வளவுதான். திட்டியிருந்தா எனக்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து படத்தைப் பாக்கறேன், சாஞ்சுதாங்க இருக்குது!

இப்பிடி எது எடுத்தாலும் ஒரு கொறை சொல்லுவாரு. அதைக் கேக்கறதுக்குன்னே நான் படத்தைக் கொண்டு போயி அவருகிட்டக் காட்டுவேன். சண்டை போடறதுக்குத்தானுங்க, வேறெதுக்கு.

ஐப்பசியில ஒரு நாளு, மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. ஆறடிக்க சார் விசில் ஊதுனாரு. எல்லாரும் தெக்க இருந்து வடக்க கெளம்பிட்டோம். அஞ்சு நிமிசங்கூட ஆகலை, இன்னொரு விசில். ரெண்டு இழுப்பு. வீ... ட்யூ. சரி, திரும்பச் சொல்றாருன்னு பாதிப்பேரு திரும்பிட்டாங்க. மீதிப்பேரு சாரைப் பாத்தாங்க. விசில் கழுத்துல தொங்குது, வாயில இல்ல. அவங்க திரும்பலை. எட்டுக்கு நடுவுல ரெண்டும் வெட்டிக்கற எடம் ஒண்ணு இருக்குமில்ல, அங்க வந்து முப்பது பேரும் ஒருத்தருக்கொருத்தர் முட்டி நிக்கறாங்க. அண்ணாச்சி செருப்பு ஒரு பக்கம், மேனேஜர் கண்ணாடி ஒரு பக்கம். “யாருங்க அது விசில் அடிக்கறது?”ன்னு சார் கத்தறாரு. மூங்கில் புதருக்குள்ள இருந்து மறுக்கா வீ... ட்யூ! திரும்புனவங்க எல்லாம் மறுபடியும் திரும்பறாங்க! நான் புல்லுல உக்காந்து சிரிச்சேன் பாருங்க, ரெண்டு நாளைக்கு வயிறு வலிச்சுது.

பார்க்கைக் கூட்டற பொன்னாத்தாதான் சொன்னா, “அது ஆறுமணிக்குருவிங்க. காத்தால ஆறு மணிக்கும் கூப்புடும், பொழுதோட ஆறு மணிக்கும் கூப்புடும். மழைக்கு வரும், வெயிலுக்குப் போயிரும்”னு. எங்கிருந்தோ வடக்கே தூரத்துல இருந்து பறந்து வருதாமா. அவ்வளவு தூரம் வந்த குருவி எங்க காலனிப் பார்க்கைப் பாத்து எறங்கியிருக்குது! எனக்கு அன்னிக்கே முடிவாயிருச்சுங்க. இதை நான் படம் புடிக்காம விடறதில்லைன்னு.

ஆனா அது லேசுல மாட்டலை. மரத்துல உக்காராதுங்க. கீழயே, சருகுக்குள்ளயே, தத்தித் தத்தித் திரியும். ஒரு இலை அசையும், அவ்வளவுதான். வாலு மட்டும் தெரியற படம் பதினேழு. ஒண்ணுமே தெரியாத படம் எரநூறு. மகனுக்கு அனுப்புனா, “அம்மா, சருகு நல்லாருக்கு”ங்கறான்.

இந்த நேரத்துல பாத்துச் செயலாளரு பொறுப்பில்லாமப் போயிட்டாருங்க. குருவி கத்துன மறுநாளே கழுத்துல விசிலைக் காணோம். எங்க சார்னா, “தொலைஞ்சு போச்சுங்க”ங்கறாரு. இருவது வருசமா வெச்சிருந்தது. அத்தனை பேரு முன்னால மானம் போச்சேன்னு வெக்கமா இருந்திருக்கும். புதுசு ஒண்ணு வாங்கறதுதானே? வாங்கலை. கடைசியில குருவி கூப்புட்டாத் திரும்பறதுன்னு எங்க சங்கத்துல எல்லாரும் பழகிட்டாங்க. அது கூப்புடாத அன்னிக்கு ஒரே பக்கமாவே நடந்து மேனேஜருக்குத் தலை சுத்திப் போச்சு.

இதாவது பரவால்ல. மூங்கில் புதர் பக்கம் பூராச் சருகு. கூட்டறதேயில்ல. பத்து நாள், பதினஞ்சு நாள், மெத்தை மாதிரி கெடக்குது. பொன்னாத்தாவைக் கேட்டா, “செயலாளர்தானுங்க அந்த மூலையைத் தொடாதேன்னுட்டாரு”ங்கறா. நேராப் போயிக் கேட்டேன். “என்ன சார், பார்க்கா குப்பைமேடா?”ன்னு. தலையக் குனிஞ்சுட்டு, “ஆளு பத்தலைங்க டெய்லரம்மா”ன்னாரு. ஆளு பத்தலையாமாங்க! பொன்னாத்தா சும்மா உக்காந்து வெத்தலை போட்டுட்டிருக்கறா! நல்லாத் திட்டிட்டேன். தன் வெள்ளைத் தொப்பியக் கழட்டித் தொடைச்சுட்டு நின்னாரு. வயசாச்சு, பாவம், முன்ன மாதிரி முடியலை போலன்னு விட்டுட்டேன்.

என்னங்க சிரிக்கறீங்க? நீங்க சிரிக்கறதப் பாத்தா எனக்கும் வருது. இருங்க, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன்.

மார்கழி பொறந்து ஒரு வாரம். பனி. நான் எட்டுக்கு நடுவுல, அந்த முட்டற எடத்துல நிக்கறேன். நிக்கக் கூடாதுதான், நின்னேன். வடக்க இருந்து வரிசையா வாராங்க, முன்னால நாச்சிமுத்து சார், பின்னால மத்தவங்க. எனக்கும் அவருக்கும் நடுவுல, புதருக்குள்ள இருந்து தத்தி, பாதை மேலயே வந்து நின்னுச்சுங்க அது. மொத தடவை முழுசாப் பாக்கறேன். முதுகு பச்சை. றெக்கையில நீலம். நெஞ்சு சந்தனக் கலரு. கண்ணுக்குக் குறுக்கால மை தீட்டுன மாதிரி கறுப்பு. அடிவயித்துல குங்குமச் செவப்பு. கேமராவைத் தூக்கிட்டேன்.

சாரும் பாத்துட்டாரு. அடுத்த அடிக்குக் காலைத் தூக்குன மனுசன், தூக்குன காலைக் கீழ வெக்கலீங்க. கீழ சருகு, வெச்சா நொறுங்கும். ரெண்டு கையையும் ரெண்டு பக்கம் நீட்டிட்டாரு, பின்னால ஒருத்தரும் தாண்டாதபடிக்கு. பின்னால வந்தவங்க அத்தனை பேரும் அப்பிடியே நிக்கறாங்க. அண்ணாச்சிக்குத் தும்மல் வந்துருச்சு, மேனேஜர் சம்சாரம் தன் முந்தானையை எடுத்து அவரு மூக்கை அமுக்கிப் புடிச்சுட்டாங்க. அவருக்குக் கண்ணு பிதுங்குது! நான் எடுக்கறேன், எடுக்கறேன், எடுத்துட்டே இருக்கறேன். குருவி ஒரு புழுவை இழுத்துச்சு, தின்னுச்சு, அலகைத் தொடைச்சுச்சு. கடைசியா அண்ணாந்து பாத்துச்சு. சாரைத்தான். இது என்ன மரம், நேத்து இங்க இல்லையேங்கற மாதிரி.

நாலு நிமிசம் அம்மிணி. கேமராவுல மணி பதிஞ்சிருக்குது, நாலு நிமிசம் பத்து செகண்டு. அவருக்கு முட்டிவலி. ரெண்டு படி ஏறுனாலே கைப்புடியைப் புடிச்சுக்குவாரு. கொக்கு மாதிரி ஒத்தைக்கால்ல, கை ரெண்டும் நடுங்குது, மூக்கு நுனியில வேர்வை, மார்கழிப் பனியில!

குருவி பறந்துச்சு. சாரு விழுந்தாரு. நேரா மேனேஜர் மேல. எல்லாரும் கை தட்டறாங்க, அண்ணாச்சி நிறுத்தி வெச்ச தும்மலை எல்லாம் சேத்துத் தும்மறாரு, நான் கெடைச்சிருச்சு கெடைச்சிருச்சுன்னு குதிக்கறேன். கீழ கெடந்துட்டே அந்த மனுசன் கேக்கறாரு, “ஃபோகஸ் வந்துச்சுங்களா?”ன்னு. விழுந்தவரு மொதல்ல இடுப்பைத்தானே பாக்கணும்? ஃபோகஸைக் கேக்கறாரு! சரியான கிறுக்குங்க.

அவினாசியா இது? அதுக்குள்ளயா! சரி, சீக்கிரம் சொல்லிர்றேன்.

போட்டி இருக்குதுன்னு கண்டுபுடிச்சவரும் அவருதான். போட்டிக்குச் சேர்ற மனுவைக் கூட அவரே கட்டம் போட்டு அழகா எழுதுனாரு. நான் ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசாப் பிரிண்டு போட்டேன். குருவி எடது பக்கம், சாரு வலது ஓரத்துல ஒத்தைக்கால்ல. ஸ்டுடியோக்காரரு அதை ஒட்டறதுக்கு ஏத்த அளவுல வெள்ளை அட்டையும் வெட்டி வெச்சுட்டாரு. அப்பறந்தான் போட்டி விதியைப் படிக்கறோம். படத்துல மனுசங்க யாரும் இருக்கக் கூடாதாமா. கை, காலு, நெழலு கூடக் கூடாது. இருந்தா வாங்கவே மாட்டாங்க.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. சாருகிட்டச் சொன்னேன். படத்தை வாங்கி வலது ஓரத்தைப் பாத்தாரு. அப்பறம், “துளசிமணி, என்னைய வெட்டிருங்க. குருவிதான் முக்கியம்”னாரு. சொல்லிட்டு விறுவிறுன்னு நடக்கப் போயிட்டாரு. அன்னிக்குக் குருவி கூப்புட்டும் திரும்பலை, தப்புப் பக்கமாவே நடந்தாரு. டெய்லரம்மான்னுதான் எப்பவும் கூப்புடுவாரு. பேரைச் சொன்னது அன்னிக்குத்தான்.

வெட்டிட்டாங்க. வெட்டுன துண்டை ஸ்டுடியோக்காரரு குப்பைக்கூடையில போடப் போனாரு. நில்லுங்கன்னு புடுங்கிட்டேன். “இது எதுக்குங்க? குருவியே இல்லையே”ன்னாரு. டெய்லருங்க நான், வெட்டுன துண்டை எப்பிடி விடுவேன்? வீணாப் போகக் கூடாதில்லீங்களா. பழைய காலண்டருக்குள்ள வெச்சுப் பையில கொண்டாந்திருக்கறேன்.

சாரும் கோயமுத்தூர்தான் வந்திருக்கறாரு. மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டாரு. ஹாலு எங்கிருக்குது, சுவத்துல எந்தப் பக்கம் வெளிச்சம் விழுதுன்னு பாத்து வெச்சுட்டு, பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன்னாரு. ஒரே பஸ்ஸுல வந்திருக்கலாமில்லன்னேன். பாக்கறவங்க எதாச்சும் சொல்லுவாங்கன்னாரு. என்ன சொல்லுவாங்க? சொல்றதுக்கு என்ன இருக்குது? நீங்களே சொல்லுங்க.

பாக்கறீங்களா படத்தை? அந்த முனையைப் புடிங்க. மெதுவா. போர்வையை விலக்குங்க. எப்பிடி! எப்பிடி இருக்குது பாருங்க! அந்தச் செவப்பைப் பாருங்க. வலது பக்கம் நாலு வெரக்கடை வெள்ளையாக் கெடக்குதுல்ல, அங்கதான் சாரு இருந்தாரு. வெள்ளை ஓரம் விட்டா ஃபேஷனுங்கன்னு ஸ்டுடியோக்காரரு சொல்லிட்டாரு.

நல்லாத்தான் இருக்குது. பரிசு கூடக் கெடைக்கும்னு சொல்றாங்க. ஆனா ராத்திரி பூராத் தூக்கமில்லீங்க எனக்கு. என்னமோ ஒண்ணு கொறையுது. குருவி அண்ணாந்து பாக்குதுல்ல, என்னத்தைப் பாக்குது? வெள்ளை அட்டையப் பாக்குது. கிறுக்குப் புடிச்ச குருவி மாதிரி இருக்குதுங்க. கலரு சரி, அளவு சரி, ஃபோகஸ் சரி. அது பாக்கற எடத்துல ஆளில்ல.

இருங்க, துண்டை எடுக்கறேன். இந்தா. பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆங். இப்ப? இப்பத்தானுங்க படம். இது நல்ல படங்கறதுக்காகச் சொல்றேன், தொழில் முறையா. பக்கத்துல ஆளு இருந்தாத்தானே குருவி எத்தாச்சோடு, எவ்வளவு பெருசுன்னு தெரியும்? அதுக்குத்தான்.

என்னங்க காட்டறீங்க? பாக்கெட்டா? சட்டைப் பாக்கெட்டுல... கயிறு தெரியுது. நீலக் கயிறு. அது விசில் கயிறுங்க. அவரு விசிலுதான், நுனியில முடிச்சு நாந்தான் போட்டுக் குடுத்தேன், பிஞ்சு போச்சுன்னாருன்னு. தொலைஞ்சு போச்சுன்னாரே? ஐப்பசியில தொலைஞ்சது மார்கழியில எப்பிடிப் பாக்கெட்டுல...

அட.

அட, ஊதாம வெச்சிருந்தாருங்களா? குருவி மெரண்டு ஓடிரும்னா? அப்ப அந்தச் சருகு... ஆளு பத்தலைன்னாரே? குப்பைமேடான்னு நான் அத்தனை பேச்சுப் பேசுனனே! சருகைக் கூட்டியிருந்தா அது வந்தேயிருக்காது! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னங்க அந்த மனுசனுக்கு? ரெண்டு மாசமா எனக்கு... நீங்க முன்னாலயே கண்டுபுடிச்சுட்டீங்களா? அதுக்குத்தான் சிரிச்சீங்களா? எனக்குத்தான் தெரியலை. இத்தனை நாளு கண்ணுல கேமராவை வெச்சுட்டு, எனக்குத்தான் தெரியலீங்க அம்மிணி.

ஐயோ, சிரிப்பா வருது. கண்ணுல தண்ணியும் வருது. கண்டுக்காதீங்க.

இது எந்த ஊரு? ஹோப்காலேஜா? அய்யய்யோ, வந்துட்டம். உங்க பையில ஒட்டற டேப்பு எதாச்சும் இருக்குதுங்களா? இல்லீங்களா? ஊசி நூலு எங்கிட்ட இருக்குது, குத்துனா ஓட்டை விழுந்துரும். ஆமாங்க, ஒட்டத்தான் போறேன். அவரு எடத்துலயே ஒட்டப் போறேன். தெரியுங்க, வாங்க மாட்டாங்க. மொத வரியிலயே எழுதியிருக்குது, மனுசங்க கூடாதுன்னு. வாங்காட்டிப் போகட்டும். திருப்பிக் குடுக்கட்டும். அந்த ஹாலு சுவத்துல மாட்டுனாத்தான் படமா? என் கடைச் சுவத்துல மாட்டுவேன், ஜாக்கெட் தெக்க வர்றவங்க பாக்கட்டும். நாலு நிமிசம் ஒத்தைக்கால்ல நின்ன மனுசனைக் கையில கத்தரியோட போயி... வெட்டுங்கன்னு அவரு சொன்னா நான் வெட்டிர்றதா? எனக்கு எங்க போச்சு புத்தி?

என்னது, ஸ்டிக்கர் பொட்டா? அட, நல்ல யோசனை! நல்ல பெரிய சைசாத்தான் இருக்குது. அட்டையில நாலுதான் மிச்சம் இருக்குதா? போதும் போதும். துண்டை நீங்க அமுக்கிப் புடிங்க. பஸ்ஸு ஆடுது. மேல ஒண்ணு. நடுவுல ஒண்ணு. கீழ ஒண்ணு. ஆச்சு. முன்னாலயே தெரியுதுங்களா? தெரியட்டும். குருவி வயித்துச் செவப்புக்கு மேட்ச்சாத்தான் இருக்குது. இப்பப் பாருங்க, அது அவரையே பாக்குது.

மூணே போதுங்க, கெட்டியா நிக்குது. இந்தாங்க, ஒண்ணு மிச்சம். வேண்டாங்கறீங்களா? ஒத்தைப் பொட்டை வெச்சுட்டு நான் என்ன பண்ண? நீங்களே வெச்சுக்குங்க.

அதோ, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தத் தூணுகிட்ட வெள்ளைத் தொப்பி தெரியுதுங்களா? அவருதான். பாருங்க, ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கறாரு.

அந்தப் பொட்டை இப்பிடிக் குடுங்க. வீணாப் போகக் கூடாதில்லீங்களா.

நேரா இருக்குதுங்களா அம்மிணி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சர்வேயருங்க அவரு, கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் கண்டுபுடிச்சுருவாரு.